ஓப்பல் கல்லின் உடல்நிலை

ஓப்பல் பதித்த மோதிரத்தையோ பதக்கத்தையோ எடுத்துக்கொண்டு வந்து, "ஐயா, இதை வெச்சுக்கலாமா, கடையிலயே திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்கும் நம் சங்கத்து அன்பர்கள் சில ஆண்டுகளாக அதிகமாகிவிட்டார்கள். இதற்குக் காரணம் இரண்டு. வைரம் வாங்க வசதிப்படாதவர்கள் சுக்கிரனுக்கு ஓப்பல் அணியலாம் என்று ஜோசியர்கள் சொல்லுவது ஒன்று. நாம் பிழைக்க வந்த ஊர் ஜெய்ப்பூராக இருப்பது மற்றொன்று. எத்தியோப்பியாவில் தோண்டியெடுக்கும் ஓப்பலில் பெரும் பங்கு இந்த ஊருக்கு வந்துதான் அறுபட்டு, மெருகேறி, வெளியே போகிறது. ஜோஹரி பஜாரிலும் கோபால்ஜி கா ராஸ்தாவிலும் ஒரு சுற்று சுற்றினால் காகிதப் பொட்டலங்களில் பொரி அள்ளிப் போட்ட மாதிரி ஓப்பலைப் பார்க்கலாம். இங்குள்ளவர்கள் 'தூதியா பத்தர்', அதாவது பால்கல், என்றும் சொல்வார்கள்.

வருகிறவர்கள் பெரும்பாலும் "அசலா, போலியா?" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். வைரத்துக்கு அது போதும். ஓப்பலுக்கு அது பாதிக் கேள்விதான். நூற்றுக்கு நூறு அசலான ஓப்பலும் உள்ளுக்குள் விரிசல் கண்டு, அடுத்த கோடைக்குள் இரண்டாகப் போகிற நிலையில் இருக்கலாம். ஆகவே அதன் உடல்நிலையைப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். வடமொழியில் 'உபலம்' என்றால் வெறும் கல். அதுவே கிரேக்கத்தில் 'ஒபால்லியோஸ்', லத்தீனில் 'ஒபாலுஸ்' ஆயிற்று என்று மொழியறிஞர் பலர் கருதுவர். கி.பி. 79-ல் இறந்த ரோமானிய ஆசிரியர் பிளினி, தம் 'இயற்கை வரலாறு' நூலின் 37-ஆம் புத்தகத்தில் ஓப்பலின் தாய்நாடு இந்தியா என்றே எழுதிவைத்தார். ஐரோப்பாவின் பழைய ஓப்பல் சுரங்கங்கள் இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருந்தன. நம் நாட்டில் அப்படிப் பேர்பெற்ற சுரங்கம் எதுவும் இல்லை. அதே பிளினி இன்னொன்றும் சொல்லுகிறார்: இந்தியர்கள் கண்ணாடியில் ஓப்பலைப் போலவே செய்துவிடுகிறார்கள், வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று. போலி ஒரே நிறமாக நிற்குமாம், அசலில் நிறம் மாறிக்கொண்டே இருக்குமாம். நம்மவர் கைத்திறமைக்கு இது பாராட்டா, வசவா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சோதனை மட்டும் இன்றைக்கும் செல்லும்.

நம் தமிழ் நூல்களில் இந்தக் கல் உண்டா என்றால், நவமணிகளில் இல்லை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மதுரையின் மணிக்கடை வீதியைக் காட்டும்போது ஒன்பது வகை மணிகளையும் சொல்லுகிறார். வைரத்துக்குக் காகபாதம், ரேகை முதலான குற்றங்களையும் அடையாளம் காட்டுகிறார். சமண ஆசிரியர்களுக்கு மணியின் மேல் தனி ஆசை என்றுகூடச் சொல்லலாம்: சிந்தாமணி, சூளாமணி, சூடாமணி நிகண்டு, அருங்கலச்செப்பு என்று நூற்பெயர்களே சாட்சி. அப்படியிருந்தும் ஓப்பலைப் பார்க்கும் முறை நமக்குப் பாட்டன் வழியாகவோ ஆசாரி வழியாகவோ வரவில்லை. விளைவு என்னவென்றால், வைரத்தோட்டுக்குச் செய்கிறதையெல்லாம் ஓப்பலுக்கும் செய்கிறோம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்க்கிறோம். ஈரப்பதம் வரக்கூடாதென்று லாக்கரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறோம். இரண்டும் இந்தக் கல்லுக்குக் கெடுதல்.

ஏன் கெடுதல் என்பது கல்லின் கட்டமைப்பில் இருக்கிறது. ஓப்பல் என்பது தண்ணீரை உள்ளே பிடித்துவைத்திருக்கும் சிலிக்கா. நல்ல வர்ண ஜாலம் காட்டும் கல்லில் எடையில் 3 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் இருப்பது சாதாரணம். 1964-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் உள்ளே இருக்கும் விஷயம் புலப்பட்டது. மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள், பழக்கடையில் எலுமிச்சம்பழம் அடுக்கிய மாதிரி, வரிசை குலையாமல் அடுக்கியிருக்கின்றன. ஒரு உருண்டையின் அளவு சுமார் 150 முதல் 300 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்த அடுக்கில் பட்டுச் சிதறும் வெளிச்சம்தான் நமக்குச் சிவப்பும் பச்சையுமாகத் தெரிகிறது. உருண்டை பெரிதானால் சிவப்பு வரை காட்டும். சிறிதானால் நீலத்தோடு சரி. கல்லுக்குள் சாயம் எதுவும் கிடையாது.

தண்ணீர் வேகமாக வெளியேறினால் கல் உள்ளுக்குள் இறுகி இழுபட்டு, வறண்ட ஏரி மண் மாதிரி வெடிக்கிறது. வியாபாரிகள் இதைக் 'கிரேஸிங்' என்பார்கள். நான் சிலந்தி வலை விரிசல் என்பேன். எல்லா ஓப்பலுக்கும் இந்த வியாதி வருவதில்லை. பிறந்த இடத்தைப் பொறுத்து மாறும். எத்தியோப்பியாவிலேயே 1990-களில் ஷோவா பகுதியிலிருந்து வந்த கற்கள் விரிசல் விடுவதில் பெயர் கெட்டவை. 2008-ல் வோலோ பகுதியில் வெகல் தேனா அருகே கிடைத்த கற்கள் அவற்றைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் அவற்றுக்கு வேறொரு குணம் உண்டு, பிறகு சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி வெள்ளை ஓப்பலும் லைட்னிங் ரிட்ஜ் கறுப்பு ஓப்பலும் பொதுவாக நிலைத்து நிற்பவை.

இனி, கையில் இருக்கும் நகையைப் பார்க்கிற விதம். கடை விளக்கில் பார்க்காதீர்கள். கடைக்காரர் மேலே தொங்கவிட்டிருக்கும் அந்தக் கூர்மையான விளக்கில் சுமாரான ஓப்பலும் பத்தரை மாற்றாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை, வீட்டு டியூப்லைட்டில் ஒரு முறை பாருங்கள். நாம் அந்த நகையைப் போட்டுக்கொண்டு இருக்கப்போவது அந்த வெளிச்சத்தில்தானே. மோதிரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால் எந்தப் பக்கமாவது நிறம் அணைந்து வெறும் பாலாக நிற்கிறதா என்று தெரியும். அது குற்றம் இல்லை, விலைக்குரிய குறை மட்டும்.

அதற்கப்புறம் அறையை இருட்டாக்கிக்கொண்டு கைப்பேசி டார்ச்சைக் கல்லுக்கு மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று ஐநூறு, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். குடும்பத்துக்கு ஒன்று வாங்கிவைத்தால் நஷ்டமில்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து நகையை அதன் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலபேர் புத்தகம் படிக்கிற மாதிரி லென்ஸை நகைக்கு மேல் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். இப்போது கல்லை மெதுவாகச் சாயுங்கள். விரிசல் இருந்தால் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் சின்னக் கண்ணாடிச் சில்லு மாதிரி பளிச்சென்று மின்னி, சட்டென்று மறையும். நிறத்துண்டு அப்படி மறையாது; சிவப்பு பச்சையாகும், பச்சை நீலமாகும், இடம் நகரும். இந்த வேறுபாடு பழகிவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது.

மேல்தோலில் மட்டும் இருக்கிற கீறல் வேறு. வெளிச்சத்தின் பிரதிபலிப்பைக் கல்லின் முகத்தில் ஓடவிட்டால் கீறல் மெல்லிய கோடாகத் தெரியும், உள்ளே இறங்காது. மறுபடி மெருகு போட்டால் போய்விடும். ஓப்பலின் கடினம் 5.5 முதல் 6.5 வரைதான். இந்த ராஜஸ்தான் புழுதியில் இருக்கும் மணல்துகள் குவார்ட்ஸ். அதன் கடினம் 7. அதனால் இந்த ஊரில் இரண்டு கோடை தினமும் போட்ட மோதிரத்தில் கீறல் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதும் அந்தப் புழுதியைக் கொண்டே கல்லைத் தேய்ப்பதாகும்.

எத்தியோப்பியக் கற்கள் சிலவற்றில் தேன்கூடு மாதிரியோ, விரல்கள் அடுக்கிய மாதிரியோ உள்ளமைப்பு தெரியும். அது இயற்கை, அதைப் பார்த்து விரிசல் என்று பயந்து நல்ல கல்லைத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். கோடு சீராகத் திரும்பத் திரும்ப வந்தால், சாய்க்கும்போது கண்ணாடி போல் மின்னாமல் இருந்தால், அமைப்பு. தாறுமாறாக ஓடி, மின்னினால், விரிசல்.

விரிசல் இருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடுவை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே, எந்த ஜன்னல், எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு, நெருக்கத்தில் ஒரு படம் எடுங்கள். பிறகு நகையை அலமாரியில் திறந்தாற்போல் வையுங்கள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அதே ஜன்னல், அதே நேரத்தில் இன்னொரு படம். கோடு நீண்டிருந்தால் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோடு அப்படியே இருந்து, மேல்தோலுக்கு வராமல் ஓரத்தில் ஒதுங்கியிருந்தால், விலையைக் குறைத்து, மோதிரமாக வேண்டாம், டாலராகவோ தோடாகவோ மாற்றிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். விரிசல் நடுவில் குறுக்கே ஓடி மேல்முகத்தைத் தொட்டால் எந்த விலைக்கும் வேண்டாம்.

தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் போட்டு விற்கும் ஓப்பலைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் விரிசல் மங்கிப்போகும், நிறமும் தூக்கிக் காட்டும். எடுத்துத் துடைத்து, சில நாள் உலர்ந்த பிறகே பார்ப்பேன் என்று சொல்லுங்கள். சுரங்கக்காரர்களே வெட்டியெடுத்த கல்லை மாதக்கணக்கில் உலரவிட்டு, தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு அறுப்பதுண்டு. ஒரு வருஷம் ஷோகேஸில் உலர்ந்து கிடந்தும் ஒன்றும் ஆகாத கல் என்றால் எனக்கு அதன் மேல் மரியாதை.

அடுத்தது பக்கவாட்டுப் பார்வை. இதில்தான் குடும்பச் சண்டை வரை போன விவகாரங்கள் உண்டு. நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அக்கா தங்கை இருவருக்கு அம்மாவின் நகைகளைப் பாகம் பிரித்தார்கள். பாட்டி ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஓப்பல் மோதிரம் ஒன்றைப் பெரிய மதிப்புப் போட்டு, அதற்கு ஈடாக இரண்டு வளையலை இன்னொருவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். மோதிரம் பின்பக்கம் மூடிய பழைய கட்டடம். மேலிருந்து பார்த்தால் நெருப்பு மாதிரி நிறம். கல்லை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தபோது நேர்கோடு ஒன்று. மேலே ஓப்பல் தகடு, கீழே கறுப்புக் கண்ணாடி. இரண்டையும் ஒட்டிய கல்லை 'டப்ளெட்' என்பார்கள். பாட்டி ஏமாந்தாரா, தெரிந்தே வாங்கினாரா என்பதைக் கல் சொல்லாது. என்ன இருக்கிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பிறகு வளையலை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, மோதிரத்தைப் பாட்டி ஞாபகமாக அக்காவிடமே விட்டுவிட்டார்கள்.

மேலே குவார்ட்ஸ் அல்லது கண்ணாடி மூடியும் சேர்த்து மூன்று அடுக்கானால் 'டிரிப்ளெட்'. இவை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். டப்ளெட் என்று சொல்லி டப்ளெட் விலைக்கு விற்றால் அது நேர்மையான சரக்கு. சொல்லாமல் விற்பதுதான் குற்றம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி, கள்ளாமை விரதத்துக்கு நேரும் ஐந்து பழுதுகளில் ஒன்றாகப் 'பிரதிரூபக வியவகாரம்' என்பதை வைத்தார்: போலியை அசலென்று கொடுத்து வாங்குதல். திருட்டுக் கணக்கிலேயே அதைச் சேர்த்துவிட்டார் என்பதைக் கல் வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

ஒட்டுக் கல்லில் உடல்நிலை என்பது ஒட்டின் நிலைதான். ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் புகை படர்ந்த மாதிரி தெரிந்தால் ஒட்டுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து வரும் 'போல்டர் ஓப்பல்' பின்பக்கம் பழுப்பு இரும்புக்கல்லோடு சேர்ந்தே பிறப்பது. அதில் இரண்டும் சேரும் இடம் வளைந்து நெளிந்து போகும். மனிதன் ஒட்டியது நேர்கோடாகப் போகும். பின்பக்கம் மூடிய செட்டிங்கில் இது எதுவும் தெரியாது. ஆகவே விலை கூடிய ஓப்பலை ஓப்பன் செட்டிங்கில் மட்டும் வாங்குங்கள்.

போலி வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ஓபலைட்' என்று சுற்றுலாக் கடைகளில் மாலை மாலையாகத் தொங்குவது கண்ணாடி. நீலப்பால் நிறத்தில் இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு தட்டும், வர்ண ஜாலம் கிடையாது. 1974-ல் பியர் கில்சன் சந்தைக்குக் கொண்டுவந்த ஆய்வகத் தயாரிப்பு அழகாகவே இருக்கும். லென்ஸில் ஒவ்வொரு நிறத்துண்டின் உள்ளேயும் பல்லித்தோல் மாதிரி செதில் தெரியும். பிளாஸ்டிக் கையில் எடை காட்டாது. மயில்கழுத்து நீலம், ஊதா, ரோஜா என்று அடி நிறமே அடர்த்தியாக இருக்கும் எத்தியோப்பிய ஓப்பல் சாயம் ஏற்றியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரிக்கட்டை மாதிரி ஒரே சீரான கறுப்பு பெரும்பாலும் புகையூட்டியது. துளைகளிலும் ஓரங்களிலும் கறுப்பு கூடுதலாகத் தேங்கியிருக்கும்.

மேலே சொன்ன வோலோ கல்லின் குணத்துக்கு வருகிறேன். அந்தக் கற்களில் பெரும்பாலானவை தண்ணீர் குடிக்கும். 'ஹைட்ரோஃபேன்' என்பது அதன் பெயர். தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக்கொண்டு, நிறமெல்லாம் போய்க் கண்ணாடித் துண்டு மாதிரி ஆகிவிடும். மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி மனைவியோடு பதறிக்கொண்டு வந்தார். "ஐயா, கல்லு செத்துப்போச்சு. முந்தாநாள் பாலில் ஊறவெச்சுப் போட்டுக்கச் சொன்னாங்க, போட்டோம். இப்ப பாருங்க, வெறும் கண்ணாடி." கடைக்காரரைப் போலீசில் பிடித்துக் கொடுக்கும் வேகத்தில் இருந்தார். நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசி, பருத்தித் துணியில் நிழலில் வைக்கச் சொன்னேன். வெயிலில் வைக்கக்கூடாது, ஹேர் டிரையர் காட்டக்கூடாது. அவசரமாக உலர்த்தினால்தான் விரிசல் வரும். ஒன்பதாம் நாள் நிறம் திரும்பிவிட்டது. ஆனால் முன்னிருந்த வெண்மை வரவில்லை, லேசாக மஞ்சள் தட்டிப்போயிற்று. பால் கொழுப்பு உள்ளே போனால் தண்ணீரைப் போல ஆவியாகி வெளியே வராது. எண்ணெய், சென்ட், மஞ்சள் கரைசல் எல்லாவற்றுக்கும் இதே கதை.

சுக்கிரவாரம் பாலில் சுத்தி செய்துதான் அணிய வேண்டும் என்பவர்களின் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. மோதிரத்தின் தங்கத்தில் ஒரு சொட்டு தொட்டு வைத்துத் துடைத்தால் சாஸ்திரத்துக்குப் போதாதா என்று ஜோசியரைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட வரையில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கல் தண்ணீர் குடிக்குமா என்று அறிய ஊறப்போட வேண்டியதில்லை. கடைக்காரர் சம்மதத்தோடு, கல்லின் மேல் ஊசிமுனையளவு ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்துப்போல் நின்றால் குடிக்காது. பரவி உள்ளே இழுத்துக்கொண்டால் குடிக்கும். குடிக்கும் கல் கெட்ட கல் அல்ல. ஆனால் அதை உலர்ந்த நிலையில்தான் எடை போட வேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் சில கற்களில் பத்து சதவீதம் வரைகூட எடை ஏறும். கேரட் விலைக்குத் தண்ணீரை வாங்கிய கணக்கு.

விலை பெரிதாக இருந்தால் பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள். ஜெய்ப்பூரில் 1972-ல் ஜெம் டெஸ்டிங் லேபரட்டரி தொடங்கிய நாளிலிருந்து அந்த வசதிக்கு நமக்குக் குறைவில்லை. பிசின் ஏற்றிய கல்லை லென்ஸில் கண்டுபிடிப்பது கடினம். அகச்சிவப்புக் கருவி வேண்டும். நகையில் இருக்கும் ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டும் உரியது, கல்லுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. இதைப் படித்தவர்களே மறந்துவிடுகிறார்கள். பில்லில் 'ஓப்பல்' என்று மொட்டையாக எழுதினால் ஏற்காதீர்கள்; முழுக்கல்லா, டப்ளெட்டா, சாயமோ பிசினோ ஏற்றியதா என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் எனக்கு வேலை இல்லை.

செட்டிங்கையும் ஒரு முறை பாருங்கள். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு வளைத்துக் கட்டியது ஓப்பலுக்கு நல்லது. நான்கு நகம் வைத்துக் கவ்வியதானால், நகம் அழுத்தும் இடத்திலிருந்து விரிசல் கிளம்பியிருக்கிறதா, கல் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசாக ஆட்டினால் ஆடும் கல் சத்தம் கொடுக்கும். மோதிர அளவைக் கூட்டிக் குறைக்க ஆசாரியிடம் கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும் என்று எதிரிலேயே சொல்லிவிடுங்கள். ஊதுகுழல் நெருப்பு பட்ட ஓப்பல் பிழைக்காது. கடைகளில் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியும் ஆவியும் கூடாது.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், கெட்டியான ஆஸ்திரேலியக் கல்லை இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியால் துடைக்கலாம். ஒட்டுக் கல்லுக்கும் குடிக்கும் கல்லுக்கும் ஈரத்துணி ஒரு ஒத்தடம், அவ்வளவுதான். எண்ணெயிலோ கிளிசரினிலோ போட்டு வைக்கச் சொல்லுவார்கள், எந்த ஓப்பலுக்கும் தேவையில்லை. மே, ஜூன் மாதம் 'லூ' காற்று அடிக்கும்போது மோதிரத்தைக் கார் டேஷ்போர்டில் கழற்றி வைக்காதீர்கள். லாக்கரில் வருஷக்கணக்கில் தூங்கப்போகும் கெட்டிக் கல்லானால், துணிப்பையில் போட்டு, அதைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்த பஞ்சை வைத்து மூடலாம். குடிக்கும் கல்லுக்கும் ஒட்டுக் கல்லுக்கும் ஈரப்பஞ்சு வேண்டாம், உலர்ந்த பருத்தித் துணி போதும். வெள்ளிக் கொலுசும் குங்குமச் சிமிழும் கறுக்காமல் இருக்க அதே லாக்கரில் சிலிக்கா ஜெல் போட்டிருந்தால் ஓப்பலை வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். ஓப்பலுக்கு அது பங்காளி முறை; சிலிக்காவும் சிலிக்காவும்தான். உள்ளே இருக்கும் கொஞ்சம் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டுவிடும்.